பத்தாவது வாக்குறுதி

குமாஸ்தா: ‘நீங்க வாதியா, பிரதிவாதியா?’ன்னு அந்த ஜட்ஜ் உங்களைக் கேட்டாரே... அந்தக் கேஸ் கட்டு இதுதான் மேடம். இதையும் பெட்டியில போட்டுடவா?

வக்கீல்: போடுங்கண்ணே. என் முதல் கேஸ் ஆச்சே. கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு முன்னால போய் நிக்கிறேன்... அந்த மனுஷன் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுக் கேக்கறாரு, வாதியா பிரதிவாதியான்னு!

குமாஸ்தா: அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

வக்கீல்: ‘ரெண்டும் இல்லீங்கய்யா, நான் வக்கீல்’னேன்.

குமாஸ்தா: எங்க சொன்னீங்க? பின்னாலேருந்து நான்தான் சொன்னேன்.

வக்கீல்: அண்ணே! நான் எல்லாப் பேட்டியிலயும் நானே சொன்னதாத்தான்...

குமாஸ்தா: சொல்லிட்டுப் போங்க. நான் என்ன மறுப்பா விடப்போறேன்?

வக்கீல்: இருபத்துநாலு வருஷமா இதை மனசுலயே வெச்சிருந்தீங்களா?

குமாஸ்தா: கேட்டாத்தானே சொல்லணும். குறுக்கு விசாரணையில அதானே நீங்க சாட்சிக்குச் சொல்லித் தருவீங்க... கேட்டதுக்கு மட்டும் பதில். நகருங்க, அந்தக் கட்டு தூசி.

வக்கீல்: நான் தூக்கறேன் விடுங்க.

குமாஸ்தா: புதுப் புடவை மேடம்! பதினொரு மணிக்குப் பதவியேற்பு. மேயர் தோள்ல தூசியோட போய் நின்னா, ‘நகரசுத்தி இவங்ககிட்டேருந்தே தொடங்கட்டும்’னு நாளைக்குப் பேப்பர்ல போடுவான்.

வக்கீல்: சரி சரி. அது என்ன, அந்தக் கொழுத்த கட்டு?

குமாஸ்தா: குழாய்க் கேஸ். மனுதாரர் ஒண்ணு முதல் இருநூத்துப் பன்னிரண்டு வரைக்கும். எல்லார் பேரையும் நான்தான் அடிச்சேன். விரல் வீங்கிப் போச்சு.

வக்கீல்: அந்தக் கேஸ்ல ஜெயிச்சதுதான் எனக்கு வினை. தீர்ப்பு வந்து எட்டு மாசம் ஆகியும் குழாய்ல காத்துதான் வந்துச்சு. நெசவுக்காரம்மா இதே நாற்காலியில உட்கார்ந்து கேட்டாங்க பாருங்க...

குமாஸ்தா: ‘ஏம்மா, இந்தத் தீர்ப்பைப் பிழிஞ்சாத் தண்ணி வருமா?’

வக்கீல்: அதேதான். அன்னிக்குச் சாயங்காலமே கட்சி ஆரம்பிச்சாச்சு.

குமாஸ்தா: உறுப்பினர் பட்டியல்னு தனியா ஒண்ணு அடிக்கக்கூட நீங்க விடல. மனுதாரர் பட்டியலையே எடுத்து மேல தலைப்பை மாத்துங்கன்னுட்டீங்க. இன்னிக்கும் கட்சிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. நேத்து கடைத்தெருவுல ஒருத்தர் கையை ஆட்டறாரு, ‘குமாஸ்தா சார், நான்தான் நூத்தி நாலு!’

வக்கீல்: முதல் கூட்டத்துல நான் மைக்கைப் பிடிச்சதும் என்ன சொன்னேன் தெரியுமில்ல?

குமாஸ்தா: ‘கனம் கோர்ட்டார் அவர்களே.’ பயங்கரக் கைத்தட்டல். ஜனங்க தங்களைத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சுட்டாங்க.

வக்கீல்: தட்டினாங்களே ஒழிய போடலையே. அந்த முதல் தேர்தல்ல மொத்தம் எத்தனை ஓட்டு, நூத்தித் தொண்ணூறா?

குமாஸ்தா: ஆமா. மனுதாரரே இருநூத்துப் பன்னிரண்டு. பாக்கி இருபத்திரண்டு பேர் யாருன்னு உங்க நாத்தனார் இன்னும் தேடிட்டிருக்காங்க.

வக்கீல்: கண்டுபிடிச்சாலும் பிடிச்சிருப்பா. அவ கட்சிச் செயலாளர் ஆனதே அதுக்குத்தானோ என்னமோ... சரிண்ணே, பேச்சை மாத்தாதீங்க. காலையிலேருந்து மூணு தடவை கேட்டுட்டேன். மேயர் ஆபீசுக்கு என் செயலாளரா வர்றீங்களா, இல்லையா?

குமாஸ்தா: இந்தக் கட்டெல்லாம் உங்க ஜூனியர் பொண்ணுகிட்ட ஒப்படைக்கணும் மேடம். அது சின்னப் பொண்ணு. எது எங்க இருக்குன்னு...

வக்கீல்: ஒவ்வொரு கட்டு மேலயும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கீங்க. அட்டவணை வேற. கண்ணைக் கட்டி விட்டாலும் அவ கண்டுபிடிச்சுடுவா. அடுத்த சாக்கு என்ன?

குமாஸ்தா: சாக்குன்னதும் ஞாபகம் வருது... படியில மூணு சாக்குக் கடிதம் கெடக்கு. ஏற இறங்க வழியில்ல. கீழே கடிகாரக் கடைக்காரரு சத்தம் போடறாரு.

வக்கீல்: எல்லாம் பத்தாம் நம்பரா?

குமாஸ்தா: எல்லாம் பத்தாம் நம்பர்தான்... மேடம், எனக்கு உள்ளுக்குள்ள அரிக்குது. நான் பண்ணின ஒரு தப்பு...

வக்கீல்: ஆரம்பிச்சுட்டீங்களா!

குமாஸ்தா: தப்புத்தானே? அவசரத்துல, கம்ப்யூட்டர்ல கோர்ட் மனு இருந்த ஃபைலைத் திறந்து அதுமேலயே தேர்தல் அறிக்கையை அடிச்சேன். ஒன்பது வாக்குறுதியும் ஒழுங்கா வந்துச்சு. அடியில, கேட்டது போக ஜட்ஜ் பார்த்து வேற ஏதாவது கொடுக்கட்டும்னு எல்லா மனுவுக்கும் கடைசியா ஒரு வரி போடுவோமே... அது அப்படியே நின்னுடுச்சு. ‘வேறு தக்க நிவாரணம் எதுவாயினும்’... அதுக்குப் பத்துன்னு நம்பர் வேற விழுந்து, அச்சாகி, ஊர் பூரா ஒட்டி...

வக்கீல்: ஊர் பூரா சிரிச்சு.

குமாஸ்தா: ‘இது தேர்தல் அறிக்கையா, ஜாமீன் மனுவா?’ன்னு பழைய மேயர் மேடைக்கு மேடை கேட்டாரு.

வக்கீல்: அவர் கேக்கக் கேக்க, ஜனங்க அதை எடுத்துப் படிச்சாங்க. படிச்சுட்டு எழுத உட்கார்ந்துட்டாங்க. ‘என்ன வேணும்னாலும் கேக்கலாம்னு ஒரு கட்சி சொல்லுது’ன்னு... யாரோ படியேறி வர்றாங்க.

குமாஸ்தா: செருப்புச் சத்தத்தைப் பார்த்தா செயலாளரம்மா.

நாத்தனார்: அண்ணி! படியா அது? தபாலாபீஸ் கிடங்கு மாதிரி இருக்கு. ஒரு சாக்கு மேல காலை வெச்சு, கவுந்து விழப் பார்த்தேன்.

வக்கீல்: வாம்மா, உட்காரு. நாற்காலி இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு.

நாத்தனார்: உட்கார நேரமில்ல. மண்டப வாசல்ல பத்திரிகைக்காரங்க இப்பவே நிக்கறாங்க. அத்தனை பேர் வாயிலயும் ஒரே கேள்வி. பத்தாவது வாக்குறுதி நிஜமா, பிழையா?

வக்கீல்: நீ என்ன சொன்னே?

நாத்தனார்: ‘அண்ணி வந்து சொல்வாங்க’ன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். இந்தாங்க. செயற்குழுவில காலையிலேயே எழுதி வாங்கிட்டேன். படிக்கறேன் கேளுங்க. ‘பத்தாவது வாக்குறுதி தட்டச்சுப் பிழை. பொறுப்பான குமாஸ்தா தன் தவறை ஒப்புக்கொண்டு விலகிக்கொண்டார். மேயர் அலுவலகத்தில் அவருக்கு எந்தப் பொறுப்பும் தரப்படாது.’ கீழே குமாஸ்தா ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.

வக்கீல்: விலகிக்கொண்டாரா? எப்ப?

நாத்தனார்: இப்ப, கையெழுத்துப் போட்டதும்.

குமாஸ்தா: பேனா கொடுங்கம்மா.

வக்கீல்: அண்ணே!

குமாஸ்தா: அவங்க சொல்றது நியாயம்தானே மேடம். பிழை என்னுது. நான் போயிட்டா விஷயம் முடிஞ்சுது. நீங்க நிம்மதியாப் போய்ப் பதவியேத்துக்கலாம்.

நாத்தனார்: பாருங்க, அவருக்கே புரியுது. எனக்கு அவர் மேல என்ன கோபம் சொல்லுங்க? என் கல்யாணப் பத்திரிகையே அவர்தான் அடிச்சாரு.

வக்கீல்: ‘மேற்படி மணமகன்’னு அடிச்சாரு.

நாத்தனார்: அந்த ‘மேற்படி’யை எங்க வீட்டுக்காரர் இன்னும் விடல! ஏதாவது வேலை சொன்னா, ‘மேற்படி ஆள் தூங்குகிறார்’ங்கறாரு... சிரிக்க வைக்காதீங்க அண்ணி. மணியாகுது.

வக்கீல்: பேனாவைக் கீழ வைங்கண்ணே. என் அறையில இருக்கற வரைக்கும், படிக்காம யாரும் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல.

குமாஸ்தா: அதான் அவங்க படிச்சாங்களே...

வக்கீல்: எதிர்த்தரப்பு படிச்சுக் காட்டினா அது படிச்சதாகாது.

நாத்தனார்: நான் எதிர்த்தரப்பா? நல்லா இருக்கு! அண்ணி, நிஜத்தைச் சொல்லுங்க. அது பிழைதானே? பிழையைப் பிழைன்னு சொல்றதுல என்ன கஷ்டம்? நாளைக்கு ஒருத்தன் வந்து, ‘எனக்கு நிலா வேணும், எதுவாயினும்னு போட்டிருக்கீங்களே’ன்னு நின்னா?

வக்கீல்: அண்ணே, சாக்குலேருந்து கைக்கு வந்தது நாலு எடுத்துட்டு வாங்க. யாராவது நிலாவைக் கேட்டிருக்காங்களா பார்ப்போம்.

குமாஸ்தா: இதோ... இது ஒண்ணு. ‘அம்மா, எங்கள் தெரு முனையில் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு வேண்டும். ஒருவர் உட்காரும் பெஞ்சு போட்டால் எங்களுக்குள் சண்டை வரும். நாங்கள் கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம்.’

நாத்தனார்: ...அடுத்தது?

குமாஸ்தா: ‘நூலகத்தில் எனக்குப் பிடித்த புத்தகம் மேல்தட்டில் இருக்கிறது. ஏணி வேண்டும். நான் வளர்ந்தபிறகு திருப்பித் தந்துவிடுகிறேன்.’

வக்கீல்: நிபந்தனையோட கேக்குது பாரு. வக்கீலாகும்.

குமாஸ்தா: இது ஓய்வுபெற்ற தபால்காரர். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம். சாவதற்குள் ஒரு மேயர் தனக்குத் தெரியாது என்று சொல்வதை ஒரே ஒருமுறை நான் கேட்க வேண்டும்.’

நாத்தனார்: அது உங்களால முடியாது அண்ணி.

வக்கீல்: கஷ்டம்தான். முயற்சி பண்றேன்.

நாத்தனார்: மூணு நல்ல கடிதத்தைப் படிச்சுட்டா ஆச்சா? சாக்குக்குள்ள என்னென்ன இருக்கோ! அண்ணி, நான் கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லுங்க. அந்த வரி பிழையா, இல்லையா?

குமாஸ்தா: பிழைதாம்மா. நான்தான். பேனாவை இப்படிக் கொடுங்க.

வக்கீல்: அண்ணே, அச்சுக்குப் போறதுக்கு முன்னால புரூஃப் வந்துச்சா?

குமாஸ்தா: ...வந்திருக்கும்.

வக்கீல்: ‘இருக்கும்’னு எந்தச் சாட்சி சொன்னாலும் நான் விட மாட்டேன். வந்துச்சா?

குமாஸ்தா: வந்துச்சு.

வக்கீல்: இப்ப எங்க அது?

குமாஸ்தா: கிழிச்சுப் போட்டுட்டேன்.

வக்கீல்: நீங்களா? போன வருஷத்து பஸ் டிக்கெட்டைத் தேதிவாரியா நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்கிற நீங்க, புரூஃபைக் கிழிச்சீங்க?

நாத்தனார்: என்ன நடக்குது இங்க? எந்த புரூஃப்?

வக்கீல்: சட்டைப்பையிலேருந்து கையை எடுங்கண்ணே.

குமாஸ்தா: வேண்டாம் மேடம்.

வக்கீல்: எடுங்கன்னேன்.

குமாஸ்தா: நல்ல நாளும் அதுவுமா எதுக்கு... யாருக்குத் தெரியப்போகுது?

வக்கீல்: எனக்குத் தெரியுமே. கொடுங்க. இந்தாம்மா, நீயே பிரிச்சுப் பாரு. பத்தாவது வரிக்குப் பக்கத்துல என்ன இருக்கு?

நாத்தனார்: பச்சை மையில ஒரு டிக்... ‘இருக்கட்டும்’னு... அண்ணி! இது உங்க கையெழுத்து!

வக்கீல்: ஆமா. நான் பார்த்தேன். முதல்ல எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. அடிச்சுடலாம்னு பேனாவை வெச்சேன். கை ஓடல. அதுக்கப்புறம் இப்படி எழுதிட்டேன்.

நாத்தனார்: அப்ப ஆறு வாரமா ஊர் இவரைப் பார்த்துச் சிரிச்சதே...

வக்கீல்: நான் வாயைத் திறக்கல. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு... ஓட்டு வந்துக்கிட்டே இருந்துச்சும்மா. வர்ற ஓட்டைத் தட்டிவிட மனசு வரல. அதுதான் தப்பு. பேப்பர்ல ஒப்புக்கணும்னா அதைத்தான் ஒப்புக்கணும், அதுவும் நான்.

குமாஸ்தா: மேடம், என்னைப் பார்த்துச் சிரிச்சா எனக்கென்ன குறைஞ்சுடப்போகுது? தேய்ஞ்ச ரப்பர் ஸ்டாம்பு நான். உங்களைப் பார்த்துச் சிரிச்சிருந்தா...

வக்கீல்: பாத்தியா? அந்த டிக்கை இவரும் பார்த்திருக்காரு. எனக்கு ஆபத்து வந்துடக்கூடாதுன்னு சட்டைப்பையில வெச்சு மூடிக்கிட்டு, உன் பேப்பர்ல கையெழுத்துப் போடப் பேனா கேக்கறாரு.

நாத்தனார்: நல்ல ஜோடி போங்க! இப்ப நான் வாசல்ல போய் என்ன சொல்றது?

வக்கீல்: நிஜமான வாக்குறுதின்னு சொல்லு.

நாத்தனார்: ‘எதுவாயினும்’னா?

வக்கீல்: ‘தக்க’ன்னு ஒரு வார்த்தை முன்னால இருக்கே, அதையும் சேர்த்துச் சொல்லு. உட்காரு, ஒரு நிமிஷம். தையல்காரம்மா கேஸ் ஞாபகம் இருக்கா? வீடு கேட்டோம். ஒன்பது நிவாரணம் கேட்டோம். ஒன்பதையும் ஜட்ஜ் தள்ளிட்டாரு. கடைசி வரியைப் பார்த்தாரு. ‘சரி, மெஷினை வெச்சுக்க அந்த வராந்தாவை விட்டுக் கொடுங்க’ன்னாரு. இன்னிக்கும் அங்கதான் தைக்கறாங்க. நான் போட்டிருக்கேனே, இந்த ரவிக்கை அங்க தைச்சதுதான்.

நாத்தனார்: அது ஒரு கேஸ்.

வக்கீல்: அந்த வாத்தியார்? வேலை கேட்டோம், கிடைக்கல. கடைசி வரியில ஒரு மன்னிப்புக் கடிதம் கிடைச்சுது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காரு. இருபத்துநாலு வருஷம் நான் நம்பர் போட்டு, சட்டப் பிரிவு போட்டு, பெரிசு பெரிசாக் கேட்டேன். நான் கேட்டது கிடைச்சது கம்மி. அந்தக் கடைசி வரியில கிடைச்சதுதான் ஜனங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது. ஏன்னா, அங்கதான் ஜட்ஜ் தலையைத் தூக்கி ஆளைப் பார்த்தாரு.

நாத்தனார்: ...இதையே வாசல்ல சொல்வீங்களா?

வக்கீல்: டிக் போட்டதையும் சேர்த்துச் சொல்வேன்.

நாத்தனார்: கிழிக்கறேன் அப்ப. செயற்குழு என்னைக் கிழிக்கும், பரவாயில்ல... அந்தக் குப்பைத் தொட்டி எங்க?

குமாஸ்தா: அம்மா, கிழிச்சதை இப்படிக் கொடுங்க. ஃபைல்ல வெச்சுடறேன்.

நாத்தனார்: ஐயோ, இந்த மனுஷர்! நான் கார்ல இருக்கேன் அண்ணி. அஞ்சு நிமிஷத்துல இறங்கலேன்னா ஹாரன்தான்... குமாஸ்தா, அந்த பெஞ்சுக் கடிதத்தை மேல வைங்க. அது அவசரம்.

வக்கீல்: போறா பாருங்க. பாதிப் படியில நின்னு சாக்குக்குள்ள கை விட்டு ஒண்ணை உருவறா... சரிண்ணே. ஆறு வாரத்துக்கும் சேர்த்து, மன்னிச்சுடுங்க.

குமாஸ்தா: என்ன மேடம் இது... பெரிய வார்த்தையெல்லாம்... பெட்டிக்குக் கயிறு எங்க வெச்சேன்...

வக்கீல்: கயிறு உங்க கையிலேயே இருக்கு. என் பங்கை ஒத்துக்கிட்டேன். உங்க பங்கு?

குமாஸ்தா: என் பங்கா? அதான் சொன்னேனே. அவசரத்துல பழைய ஃபைல் மேல...

வக்கீல்: இருபத்துநாலு வருஷத்துல எத்தனை பிழை விட்டிருக்கீங்க?

குமாஸ்தா: அது... ‘மேற்படி மணமகன்’...

வக்கீல்: அது உங்களுக்குப் பழக்கம், பிழை இல்ல. இப்படி உட்காருங்க. ரெண்டே கேள்வி. கோர்ட் மனுவில அந்த வரி எப்படி முடியும்?

குமாஸ்தா: ‘...வழங்குமாறு இந்த மன்றத்தை வேண்டுகிறோம்.’

வக்கீல்: அறிக்கையில எப்படி முடிஞ்சிருக்கு?

குமாஸ்தா: அறிக்கை எந்தப் பெட்டியில போச்சோ...

வக்கீல்: நான் படிக்கறேன். ‘வேறு தக்க நிவாரணம் எதுவாயினும் வழங்குவோம்.’ மன்றத்தைக் காணோம், வேண்டுகோளைக் காணோம். வால் தானா நின்னுடுச்சுன்னா, அது பழைய வாலாத்தானே நிக்கணும்? யாரோ உட்கார்ந்து யோசிச்சு, ஒவ்வொரு வார்த்தையா மாத்தி, பத்துன்னு நம்பரும் போட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் யோசிக்குமா அண்ணே?

குமாஸ்தா: இந்தக் கயிறு வேற சிக்கிக்கிச்சு...

வக்கீல்: டிக் போட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். என்கிட்ட கேட்டா வேண்டாம்னுடுவேன்னு, பிழை மாதிரி உள்ள வெச்சு அனுப்பியிருக்கீங்க. அத்தனை தீர்ப்பையும் வாதாடி வாங்கினது நான். நகல் எடுத்து, வரி வரியாச் சரிபார்த்து, ஜனங்க கையில கொடுத்து, எது கிடைச்சுது எது கிடைக்கலேன்னு அவங்க முகத்தைப் பார்த்தது நீங்கதானே? என் கட்சியோட ஒரே உருப்படியான வாக்குறுதியை எழுதினது நீங்க. அதைப் பிழைன்னு ஊர் சொன்னப்ப, ஆமான்னு தலையாட்டினதும் நீங்க. சொல்லுங்கண்ணே, தெரிஞ்சுதானே போட்டீங்க?... அண்ணே?... எங்க எழுந்துட்டீங்க? கேக்கறேன்ல... ஒரு ‘ஆமா’வாவது... படியில பார்த்து!... காருக்கா கொண்டு போறீங்க? ஒரு சாக்கே ரொம்பக் கனம், ரெண்டைச் சேர்த்துத் தூக்காதீங்க!... அண்ணே! அட, திரும்பியாவது பாருங்களேன்... சரி, வேண்டாம்... டிரைவர்! மேயரோட செயலாளர் இறங்கி வர்றாரு! அந்த முன் கதவைத் திறந்து விடுங்க!